வெள்ளை விற்றமின்

வெள்ளை நிறத்தில் விற்றமின் குளிசை வாங்குவது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை, டொக்டர். மஞ்சளில் கிடைக்கும். தோடம்பழ நிறத்தில் கிடைக்கும். சிவப்பில்கூட உண்டு. வெள்ளையாக, சின்னதாக, வட்டமாக, நடுவில் ஒரு கோட்டோடு வேண்டுமென்றால் பாமசி பாமசியாக ஏறி இறங்க வேண்டும். "என்ன விற்றமின் தம்பி வேணும்?" என்று கேட்பார்கள். "வெள்ளையா இருக்கிறது" என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்டது அது இல்லை என்று தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கிற என் தங்கச்சி கௌசிகா இன்று காலை என்ன விழுங்கினாள் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். அம்மா உங்களிடம் "விற்றமின் மட்டும்தான்" என்று சொன்னார். அது பொய் என்று சொல்லவும் ஏலாது, உண்மை என்று சொல்லவும் ஏலாது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். அரைகுறையாகச் சொல்லி, நீங்கள் என்னைப் பிழையாக நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் நிருபன். ஏ.எல். சோதினை, உயிரியல் பிரிவு, மூன்றாம் முறை. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் 'வீட்டு வானிலை' என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரியை விட்ட பிறகும் வட்ஸ்அப் குறூப்பில் அது தொடர்கிறது. வானிலை என்றால் கௌசிகாதான். காலையில் ஒற்றைச் செருப்புடன் கூடிய பலத்த காற்று, மாலையில் பைப் பூட்ட மறந்ததால் குசினியின் தாழ்நிலப் பகுதிகளில் வெள்ளம், அப்படி. ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மற்றச் செருப்பைத் தேடுவாள்.

அப்பளம் பொரிகிற நேரம்கூட ஒரு கதிரையில் இருக்க ஏலாத பிள்ளை அவள். படம் நன்றாகக் கீறுவாள். எங்கள் ஊர் மான்கள் றோட்டோரம் நின்று வாழைப்பழத் தோல் தின்னுமே, அந்த மான்களைத்தான் கீறுவாள். ஆனால் எல்லா மானும் கழுத்தோடு நின்றுவிடும். அதற்குள் அவள் எழும்பி வேறு எங்கேயோ போயிருப்பாள். கொப்பி முழுக்கக் கழுத்து வரை மான்கள். ஓ.எல். சோதினையில் கணிதம் தேறி, அதற்கு மேல் ஏ.எல்.லில் சித்திரம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. கணிதத்திலும் கழுத்தோடுதான் நிற்பாள்.

வகுப்பு ரீச்சர் ஒருவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை ஒருக்கால் டொக்டரிடம் காட்டச் சொன்னார். அம்மா கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்டிக்கு ஏன் என்றால், இங்கே அந்த மாதிரிக் கிளினிக் வாசலில் நின்றால் இரண்டு பேர் காண்பார்கள். இரண்டு பேர் கண்டால் சுலோஜனா மாமி கண்டது மாதிரி. மாமி அப்பாவின் அக்கா, எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். எங்கள் அன்புவழிபுரத்தில் அவரைக் கேட்காமல் ஒரு கலியாணம் பேசி முடிந்ததாக நான் அறியவில்லை. பெண் பிள்ளையை மனநல டொக்டரிடம் காட்டுகிறோம் என்பது அவர் காதில் விழுந்தால், கௌசிகாவுக்கு மாப்பிள்ளை கண்டியில்தான் தேட வேண்டி வரும்.

"மாதா மாதம் என்னத்துக்குக் கண்டிக்குப் போறாய் குணேஸ்வரி?" என்று மாமி ஒருநாள் கேட்டார்.

"பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடுறம் மச்சாள்."

மாமி கௌசிகாவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். "எங்க கம்பி?"

"அது உள்பக்கத்தால போட்டிருக்கு."

இதைப் பத்தியில் எழுத முடியாமல் போனது எனக்கு இன்றைக்கும் கவலைதான்.

கண்டி டொக்டர் கவனத்துக்கான குளிசை எழுதிக் கொடுத்தார். அம்மா கச்சேரியில் அரசாங்க வேலை செய்கிறவர், சிங்களம் நன்றாகக் கதைப்பார். டொக்டரும் அவரும் கதைத்த கதை கௌசிகாவுக்கு விளங்கவில்லை. அவர் 'படிப்பு டொக்டர்' என்று அவளுக்குச் சொல்லி வைத்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிசைகளை மட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்து, ஒரு விற்றமின் போத்தலுக்குள் போட்டு, மட்டையைக் குப்பையோடு எரித்தார். மூளைக்கு நல்ல விற்றமின் என்றுதான் கௌசிகா அதை விழுங்கினாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். விழுங்குகிறவளுக்கு மட்டும் தெரியாது. வெளியில் வாய் தவறிச் சொல்லிவிடுவாள் என்று பயம்.

அம்மா விடிய வெளிக்கிட்டுவிடுவார். அப்பா குலசிங்கம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை, அவருடைய நேரம் அவருக்கே தெரியாது. ஆகவே காலையில் அவளுக்குக் குளிசை கொடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. மூன்றாம் முறை சோதினை எடுக்கிறவனுக்கு வீட்டில் இப்படியான பதவிகள் தானாக வந்து சேரும்.

மருந்து வேலை செய்தது. நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை கௌசிகா மேசையில் இருந்தாள், இருந்துகொண்டே இருந்தாள். பிறகு ஒரு மான் வந்தது. கழுத்துக்குக் கீழே முதுகு, முதுகில் புள்ளி, நாலு கால், காலுக்குக் குளம்பு, குளம்புக்குக் கீழே வாழைப்பழத் தோல்கூட இருந்தது. அம்மா அதைப் பிறிட்ஜில் ஒட்டிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார். கணிதப் புள்ளி ஏறியது. வானிலை தெளிவாகிவிட்டது. பத்தியில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அண்ணா, மண்டைக்குள்ள ஆரோ றேடியோவை நிப்பாட்டின மாதிரி இருக்கு," என்று சொன்னாள்.

எனக்குள்ளும் ஒரு றேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

ஒருநாள் ஒன்றை நானே விழுங்கிப் பார்த்தேன். பார்க்கத்தான். அன்று சேதன இரசாயனப் பாடம் ஒரு நாவலைப்போல ஓடியது. மத்தியானம் பசிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பெடியள் கிரிக்கெட் விளையாடுகிற சத்தம் இருந்தது, ஆனால் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடமாக மூடியிருந்த கதவு தள்ளாமலே திறந்தது என்று வையுங்கள்.

பிரச்சினை என்னவென்றால் குளிசை ஒருவருக்குத்தான் எழுதப்பட்டிருந்தது, தலைகள் இரண்டு. நான் இதை அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை, டொக்டர். ஆறுதலாக யோசித்தேன். ஓ.எல். தவறினால் திரும்ப எழுதலாம். எனக்கு இது கடைசி முறை. மருத்துவ பீடத்துக்கு மாவட்டத்திலிருந்து எடுக்கிற அந்தக் கொஞ்சப் பேருக்குள் வராவிட்டால் கதை முடிந்தது. நீங்களும் அந்த வரிசையில் நின்று வந்தவர்தான், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் டொக்டரானால் குடும்பத்துக்கு நல்லது. கௌசிகாவை ஒளித்து ஒளித்துக் கண்டிக்குக் கூட்டிப் போக வேண்டி வராது, வீட்டிலேயே ஒரு டொக்டர் இருப்பான். அந்த வகையில் பார்த்தால் அவளுடைய மருந்தை நான் எடுத்தது அவளுக்காகவும்தான்.

அப்போதுதான் வெள்ளை விற்றமின் தேடிப் போனேன்.

அம்மா ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை நான் உண்மையாக்கினேன். அன்றிலிருந்து போத்தலில் எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் ஒன்று. அதற்கு முன் எங்கள் வீட்டில் அப்படி இருந்ததில்லை.

மான்கள் மெல்ல மெல்லத்தான் போயின. முதலில் குளம்பு போனது. பிறகு கால். பிறகு புள்ளிகள். பிறகு முதுகு. கடைசியில் எல்லாம் பழையபடி கழுத்தில் வந்து நின்றன.

"அண்ணா, றேடியோ திரும்பப் பாடுது. விற்றமின் எனக்குக் காணாதோ?"

"வளருற வயசு. அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அந்த வாரம் 'வீட்டு வானிலை' திரும்ப வெளிவந்தது. வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் கணித வினாத்தாளைத் தாக்கியது என்று எழுதினேன். குறூப்பில் இவ்வளவு இதயங்கள் எனக்கு முன்பு விழுந்ததில்லை. "மச்சான், நீ ஃபோமுக்கு வந்திட்டாய்" என்றார்கள். அவளுக்கும் காட்டினேன். வாசித்தாள். இந்த முறை சிரிக்க மறந்துவிட்டாள், அல்லது வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பொல்லாத மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. "முந்தி ஏலாமல் செய்யேல்லை, அது வேற கதை. இப்ப ஒருக்கால் செய்து காட்டினவள். இனிச் செய்யாட்டி அது கொழுப்பு." தவணைப் பரீட்சைப் புள்ளி வந்த அன்று கை நீட்டினார். பிறிட்ஜில் இருந்த மானைக் கிழித்தார். கௌசிகா அழவில்லை. "அப்பா சொல்லுறது சரிதானே அண்ணா, நான் ஒருக்கா செய்தனான் தானே," என்று என்னிடம் வந்து சொன்னாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிழையும் இல்லாத வசனம் அது.

மருந்து பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று அம்மா கண்டி டொக்டரிடம் முறையிட்டார். அவர் ஒன்றை இரண்டாக்கினார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாக்கினார். நாடித்துடிப்பு நல்லம், நிறை நல்லம், பசி நல்லம், மருந்து பிள்ளையை ஒன்றுமே செய்யவில்லை என்று அங்கே தாதி சந்தோசப்பட்டாவாம். அவ சொன்னது முழு உண்மை.

மருந்து கூடக் கூட எனக்கு வசதியாக இருந்தது. எனக்கும் ஒன்று காணாமல் வந்துகொண்டிருந்த காலம் அது.

இதை ஒருவன் மட்டும் கண்டுபிடித்தான். ஸப்வான், என் கூட்டாளி, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் என்னோடு படிக்கிறவன். முன்பு ஒரு மாதிரி வினாத்தாளுக்கு முதல் அவனுக்கும் ஒன்று கொடுத்திருந்தேன், தங்கச்சிக்கு எழுதியதில் மிஞ்சியது என்று சொல்லி. அவன் கண்டுபிடித்த அன்று, கௌசிகா போத்தலோடு விறாந்தைப் பக்கம் வந்தாள்.

"தங்கச்சி, என்னத்த ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுறீங்க? நமக்கும் ஒண்டு தாங்களன்."

"விற்றமின், ஸப்வான் நானா. மூளைக்கு நல்லதாம். ஆனா உங்களுக்கு ஒண்டு காணாது, போத்தலோட குடிக்கோணும்."

அவன் சிரித்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான். அவள் உள்ளே போகும் வரை சிரிப்பு முகத்தில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீ அண்டைக்கு எனக்குத் தந்தது கசந்திச்சு."

"ஓம்."

"இது கசக்கல்ல."

"விற்றமின் கசக்காது தானே."

அவன் வாயிலிருந்த தூளை முற்றத்தில் துப்பினான். "டேய், அப்ப அந்தப் புள்ளைக்கு என்னத்தடா குடுக்கிறாய்?"

"போத்தல்ல எழுதியிருக்கிறதை."

"நீ மனிசனாடா? ஊட்டுல சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொல்லு. மாமியும் கேட்கட்டும். கௌசிகா விசர் டொக்டரிட்டப் போறவள் எண்டு ஊர் முழுக்கத் தெரியட்டும். பிறகு அவளுக்கு நீயே ஒரு மாப்பிள்ளை பார்த்துத் தா."

அவன் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தான். "இனி நீ எழுதுறதுக்கு நான் சிரிக்க மாட்டன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. ஸப்வான் நல்ல பெடியன். நல்ல பெடியள் இன்னொரு வீட்டுப் பெண் பிள்ளையின் பெயரைக் கெடுக்க மாட்டார்கள். அதை நம்பித்தான் நானும் அப்படிச் சொன்னேன்.

நீங்கள் பேனையை மேசையில் தட்டுகிறீர்கள். அந்தச் சத்தம் எனக்குக் கோர்வையைக் குழப்புகிறது. கிட்ட வந்துவிட்டேன்.

ஏ.எல். சோதினை முடிந்தது. நன்றாகத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை. முடிந்த அன்றே கௌசிகாவின் குளிசையைத் திருப்பி வைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அது இல்லாமல் விடிந்தால் பல் விளக்குவதற்கே எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று போனது. அதற்குள் அவளுடைய ஓ.எல். வந்துவிட்டது.

நான் கள்ளன் இல்லை. எடுத்ததைத் திருப்பி வைத்தேன். நேற்றுப் பின்னேரம் வெள்ளை விற்றமின்களைக் கழிவுநீர்க் கானுக்குள் கொட்டிவிட்டு, என் மேசை லாச்சியில் இருந்த உண்மையான குளிசைகளைப் போத்தலுக்குள் போட்டேன். சோதினைக்குப் போகிறவளுக்கு ஒரு அண்ணன் இதைவிடப் பெரிதாக என்ன கொடுக்க முடியும்? அந்த நேரம் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சின்னதாகத் தொடங்கி மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய உடம்பு ஒரு வருடத்துக்குக் கிட்ட இதைக் கண்டதில்லை என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் இந்தக் குளிசையைப் பற்றி என்னளவு வாசித்தவர் இல்லை. ஆனால் இன்று அம்மா லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றார். நான் ஒன்றைக் கொடுத்தால், டொக்டர் சொன்ன மூன்று எங்கே என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் நீளமானது. உங்களுக்குச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுக்கிறது.

காலையில் அம்மாவும் கௌசிகாவும் கோவிலில் பேனையை வைத்துப் பூசை செய்து, திருநீறோடு வந்தார்கள். சோதினைப் பதற்றத்தில் கௌசிகா ஒன்றும் சாப்பிடவில்லை. வாழ்த்துச் சொல்ல மாமி வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். மூன்று குளிசையை நான் அவளுடைய உள்ளங்கையில் போட்டேன். விழுங்கினாள். பிறகு கையை நீட்டியபடியே நின்றாள்.

"அண்ணா, இண்டைக்கு இன்னொண்டு கூடப் போடட்டோ? சோதினை தானே."

அம்மா குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். மாமியைப் பார்த்தார். மூடினார்.

"விற்றமின் தானே, கூடினா என்ன வரப்போகுது? பிள்ளை ஆசையாக் கேக்குது, குடுங்கோவன்," என்றார் மாமி.

அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் போல. சொல்லியிருக்கலாம். விற்றமினை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று மாமி கேட்டிருப்பார். தினமும் மூன்று குடிக்கிறவளுக்கு நாலாவது என்ன செய்யும் என்று அம்மா நினைத்திருப்பார். இரண்டு பேருக்கும் இரண்டு வேறு பதில் வேண்டும்.

"ஓம், போடு," என்றேன்.

சோதினை மண்டபத்திலிருந்து கோல் வந்தபோது நான் படுத்திருந்தேன். போய்ப் பார்க்க, வாசலில் ஒரு மர வாங்கில் சரிந்து இருந்தாள். முகம் வேர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேனையைக் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போது என் தோளில் சாய்ந்து பேசினாள். "அண்ணா, றேடியோ நிண்டிட்டுது. முதல் பக்கம் முழுக்க எழுதினனான், ஒரு இடத்திலயும் எழும்பேல்லை. இண்டைக்கு விற்றமின் வேலை செய்தது." பிறகு நெஞ்சுக்குள் ஆரோ கதவை உடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இது வரைக்கும் சொல்லவில்லை.

இங்கே வந்ததும் பிள்ளை ஏதாவது மருந்து எடுக்கிறாளா என்று நீங்கள் அம்மாவைக் கேட்டீர்கள். பக்கத்தில் மாமி நின்றார். "விற்றமின் மட்டும்தான் டொக்டர்." நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். பெற்ற தாயை மற்றவருக்கு முன்னால் பொய்க்காரி ஆக்குவது முறையில்லை. அதற்குப் பிறகு அந்த மெசினின் சத்தம் இரண்டு முறை மாறியது, நீங்கள் இரண்டு முறை ஓடினீர்கள். கண்டியையும் பல்லுக் கம்பியையும் பற்றி ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. மாமி இன்னும் வாசலில்தான் இருக்கிறார். என்னைத் தனியாக இந்த அறைக்குக் கூப்பிட்டது உங்களுடைய கெட்டித்தனம்.

சரி. நீங்கள் கேட்டதற்குப் பதில். நாலு குளிசை, வெறும் வயிற்றில், பழக்கமில்லாத உடம்பில். விற்றமின் இல்லை. போத்தலை நான் கையோடு கொண்டுவந்தேன், இந்தாருங்கள். உள்ளே இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு என்னவென்று தெரியும். அவள் விழுங்கிய நாலைவிட எண்ணிக்கையில் இன்னும் இரண்டு குறையும். இங்கே வருவதற்கு முதல் நான் எடுத்தேன். அதனால்தான் இவ்வளவையும் ஒழுங்காக, ஒன்றையும் விடாமல் சொல்ல முடிந்தது.

நீங்கள் எழும்பிவிட்டீர்கள். போங்கள், அவளைப் பாருங்கள். நான் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் டொக்டர், பிறகு ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அவள் எழும்பாமல் எழுதின அந்த முதல் பக்கம். அது நான் கொடுத்தது.